புக்லெட் கைக்கு வந்ததா? குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவரின் குடும்பத்துக்குச் சேலத்திலிருந்து ஒரு வழிகாட்டி

"குண்டாஸ் போட்டுவிட்டார்கள்" என்று போன் வந்ததும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "ஜாமீன் எப்போது கிடைக்கும்?" என்பதுதான். சேலத்தில் சட்டத் தன்னார்வலராக நான் உட்காரும் மேசைக்கு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். குண்டாஸ் என்பது தடுப்புக் காவல். தடுப்புக் காவலுக்கு ஜாமீன் கிடையாது. சாட்சி விசாரணை கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது, குற்றம் நிரூபிக்கப்பட்டதா என்று பார்க்கும் நீதிபதியும் கிடையாது. நடந்த குற்றத்துக்குத் தண்டனையாக அல்ல, இனிமேல் நடக்கக்கூடும் என்ற அச்சத்தில் அடைத்து வைக்கிறார்கள். அப்படி அடைக்கப்பட்டவர் கையில் அரசியலமைப்புச் சட்டம் கொடுத்திருக்கும் ஆயுதம் ஒன்றுதான்: ஏன் அடைத்தோம் என்று அரசு எழுத்தில் சொல்ல வேண்டும், அதற்கு ஆதாரமான தாள்களையும் சேர்த்துத் தர வேண்டும்.

அந்தத் தாள்கட்டை வக்கீல்கள் புக்லெட் என்பார்கள். ஐம்பது பக்கமும் இருக்கும், இருநூறு பக்கமும் இருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கட்டைப் பற்றியதுதான். நான் வக்கீல் அல்ல. வக்கீலிடம் போகும்போது நீங்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில்: ஆணை போட்டது யார்?

மக்கள் குண்டர் சட்டம் என்று சொல்வது 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் தமிழ்நாடு சட்டம். பெயரில் குண்டர் இருந்தாலும் கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் விற்போர், மணல் கடத்துவோர், பாலியல் குற்றம் செய்வோர், இணையவழிக் குற்றம் செய்வோர், வனக் குற்றம் செய்வோர் என்று பல வகையினரை அது வளைத்துப் பிடிக்கிறது. சேர்வராயன் மலைப் பகுதிக்காரர்களுக்குக் கடைசி வகை முக்கியம். சந்தன மரத்தை வெட்டியவர், வெட்டியதைச் சுமந்தவர் என்று சொல்லப்படும் ஆட்கள் மீது "வனக் குற்றவாளி" என்ற பெயரில் இதே சட்டம் பாயலாம்.

சேலம் மாநகரக் காவல் எல்லைக்குள் என்றால் ஆணையில் கையெழுத்திடுவது மாநகரக் காவல் ஆணையர். ஏற்காடு, வாழப்பாடி, ஆத்தூர், மேட்டூர் என்று மாவட்டத்தின் மற்ற பகுதிகள் என்றால் மாவட்ட ஆட்சியர். இதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் எழுதப் போகும் ஒவ்வொரு கடிதத்தின் முகவரியும் இதைப் பொறுத்தது. ஏற்காட்டுக் குடும்பம் ஒன்று காவல் ஆணையருக்கு மனு எழுதி அனுப்பிவிட்டு, அது திரும்பி வருவதற்குள் இரண்டு வாரத்தைத் தொலைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள்: தேதியும் நேரமும்

பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒரு வழக்கில் கைதாகி ரிமாண்டில் (நீதிமன்றக் காவலில்) சிறையில் இருப்பவருக்கு, ஜாமீன் மனு போட்ட சமயத்திலோ போடப் போகும் சமயத்திலோ, தடுப்புக் காவல் ஆணை சிறைக்குள்ளேயே சார்பு செய்யப்படும், அதாவது கையில் தரப்படும். அவரிடம் கையெழுத்து வாங்குவார்கள். அந்த நாள்தான் உங்கள் கணக்கின் முதல் நாள். ஆணையில் போட்டிருக்கும் தேதி வேறு, சார்பு செய்த தேதி வேறு. இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மனு போட்டு அவரைப் பார்க்கும்போது அழுவதற்கு நேரம் போய்விடும். அது இயல்பு. ஆனாலும் நான்கு கேள்விகளைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள். ஆணை எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தந்தார்கள்? அதோடு எத்தனை தாள் தந்தார்கள்? தாள்கள் தமிழிலா, ஆங்கிலத்திலா, இரண்டிலுமா? எதில் கையெழுத்துப் போட்டாய்? பதில்களை வெளியே வந்தவுடன் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதுங்கள். அஸ்தம்பட்டி நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் போதும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று வைத்தால் தேதி மாறிவிடும்.

ஏதாவது கொடுத்தால் "வாங்க மாட்டேன்" என்று அவர் மறுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மறுத்தால், "கொடுத்தோம், வாங்க மறுத்தார்" என்று எழுதிக்கொள்வார்கள். வாங்கிக்கொண்டு, கையெழுத்துக்குக் கீழே தேதி, நேரம், பெற்ற பக்கங்களின் எண்ணிக்கை மூன்றையும் தன் கையால் எழுதுவது நல்லது. எழுதத் தெரியாதவர் என்றால் விரல்ரேகை வைக்கும்போதே எண்ணிக்கையைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

ஐந்து நாட்கள்

சட்டத்தின் 8ஆவது பிரிவு சொல்வது: காவல் தொடங்கிய நாளிலிருந்து ஐந்து நாட்களுக்கு மேற்படாமல், ஆணைக்கான காரணங்களை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கு வேர் அரசியலமைப்புச் சட்டத்தின் 22(5) பிரிவு. அதில் இரண்டு கடமைகள் இருக்கின்றன. காரணங்களைத் தெரிவிப்பது ஒன்று. அவற்றுக்கு எதிராக முறையிட, கூடிய விரைவில் வாய்ப்புத் தருவது இன்னொன்று.

"காரணங்கள்" என்றால் நான்கு பக்க அறிக்கை மட்டும்தானா? இல்லை. 1980இல் இச்சு தேவி சொராரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. காரணங்களில் எந்தெந்த ஆவணங்களை நம்பி முடிவெடுத்தார்களோ அவையும் காரணங்களின் பகுதியே. அவற்றின் நகலும் அதே காலத்துக்குள் கைக்கு வர வேண்டும். கைதி கேட்டால்தான் தருவோம் என்று சொல்ல முடியாது. கேட்காமலே தர வேண்டியது அரசின் கடமை. சட்டப்படி நடந்தோம் என்று காட்ட வேண்டிய பொறுப்பும் அரசுடையதே.

இந்த உரிமை சும்மா வந்ததல்ல என்பதை ஒரு நிமிடம் சொல்லியாக வேண்டும். 1950இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆவது பிரிவு, கைதிக்குச் சொல்லப்பட்ட காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்று தடுத்தது. சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கில், அவருடைய காவலை உறுதி செய்த அதே தீர்ப்பில், அந்தப் பிரிவை மட்டும் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. அதே ஆண்டு பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். கைதிக்குக் காகிதம் தருவதை அதிகாரிகள் சலுகைபோலப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த ஆண்டுதான் நினைவுக்கு வருகிறது.

கட்டைப் பிரித்து வாசிப்பது

கைதியிடம் இருக்கும் புக்லெட்டைக் குடும்பத்திடம் ஒப்படைக்கும்படி அவர் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கைக்கு வந்தவுடன் ஒரு முழு நகல் எடுத்துவிடுங்கள். மூலத்தில் பேனா படக் கூடாது. அடிக்கோடு, குறிப்பு எல்லாம் நகலில்தான். ஒரு தாய் மஞ்சள் பையில் புக்லெட்டைச் சுற்றி, மலையிலிருந்து இறங்கி என்னிடம் கொண்டுவந்தார். வழியில் யாரோ உதவி செய்வதாகச் சொல்லி, பக்க எண்களின் மேல் சிவப்பு மையால் திருத்தி எழுதியிருந்தார்கள். எந்த எண் முதலில் இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை.

இப்போது மூன்று முறை வாசிக்க வேண்டும். ஒரே முறையில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் கண்ணில் படாது.

முதல் வாசிப்பு பக்க எண்ணுக்காக மட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் வைத்து எண்ணுங்கள். எந்தப் பக்கம் விடுபட்டது? எது இரண்டு முறை வந்திருக்கிறது? எந்த நகல் கரிபடிந்து, மங்கி, ஓரம் வெட்டுப்பட்டுப் படிக்க முடியாமல் இருக்கிறது? மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலும், கையால் எழுதிய மகஜரும் (பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன் எழுதும் குறிப்பு), காவல் நிலையப் பொது நாட்குறிப்பின் நகலும் பெரும்பாலும் நகலின் நகலாக வந்து சாம்பல் நிறத்தில் கிடக்கும். அதை அலட்சியப்படுத்தாதீர்கள். படிக்க முடியாத நகல் தராத நகலுக்குச் சமம் என்ற வாதத்தை நீதிமன்றங்கள் பலமுறை ஏற்றிருக்கின்றன. 2023இல் பிரமோத் சிங்லா வழக்கில், படிக்க முடியாத தாள்களையும் சீன மொழியில் இருந்த தாள்களையும் மொழிபெயர்ப்பின்றிக் கொடுத்ததற்காக உச்ச நீதிமன்றம் காவல் ஆணையை ரத்து செய்தது. அது வேறொரு சட்டத்தின் கீழான காவல், ஆனால் 22(5) எல்லாத் தடுப்புக் காவலுக்கும் பொது.

இரண்டாவது வாசிப்பு மொழிக்காக. காவலில் இருப்பவருக்கு எந்த மொழி படிக்கத் தெரியுமோ அந்த மொழியில் ஒவ்வொரு தாளும் இருக்கிறதா? யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று வாயால் விளக்கிச் சொன்னார் என்பது போதாது என்று 1962இலேயே ஹரிகிசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊர் வழக்குகளுக்கு இன்னும் நெருக்கமானது 1999ஆம் ஆண்டின் பவுனம்மாள் வழக்கு. இதே 1982ஆம் ஆண்டுச் சட்டம்தான். தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் இருந்த ஓர் ஆவணத்தின் தமிழ் வடிவத்தைத் தராமல் விட்டதற்காகவே காவல் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஒரே ஓர் ஆவணம். ஆகவே ரிமாண்ட் உத்தரவு, ரிமாண்ட் நீட்டிப்பு, ஜாமீன் உத்தரவு, தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கை ஆகியவற்றைத் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். நீதிமன்றத்திலும் ஆய்வகத்திலும் பிறக்கும் தாள்கள் ஆங்கிலத்தில் பிறக்கின்றன, அவற்றைத்தான் மொழிபெயர்க்க மறந்துவிடுகிறார்கள்.

தமிழும் ஆங்கிலமும் இரண்டுமே இருந்தால் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிடுங்கள். குற்ற எண், சட்டப் பிரிவு, தேதி, கைப்பற்றிய பொருளின் அளவு, இந்த நான்கும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் "ஜாமீன் மனு நிலுவையில் உள்ளது" என்றும் தமிழில் "ஜாமீன் மனு தாக்கல் செய்யவில்லை" என்றும் இருந்த கட்டை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எதற்குப் பதில் எழுதுவார் அந்த மனிதர்?

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆங்கிலம் படித்தவரை ஆங்கிலம் தெரியாதவர் என்று எழுதாதீர்கள். கல்லூரிச் சான்றிதழோ ஆங்கிலக் கையெழுத்தோ அரசுத் தரப்பிடம் இருக்கும். ஒரு பொய் மற்ற உண்மைகளையும் சேர்த்து மூழ்கடிக்கும். அதேபோல, சேலத்துத் தொழிற்கூடங்களில் வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளி ஒருவர் இந்தச் சட்டத்தில் அடைக்கப்பட்டால், அவருக்குத் தமிழ் நகல் பயன்படாது. அவர் படிக்கும் மொழியில் வேண்டும் என்று கேட்பது அவருடைய உரிமை. மலைக்கிராமத்து மலையாளிப் பழங்குடி மக்களின் பேச்சு தமிழ்தான், ஆனால் முதியவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். படிக்கத் தெரியாதவருக்கும் எழுத்து நகல் வேண்டும். அவர் படிக்காவிட்டாலும் அவருக்காகப் படிக்க வெளியே ஆள் இருக்கிறது.

மூன்றாவது வாசிப்புதான் கடினமானது, அதில்தான் பலன் அதிகம். "காரணங்கள்" என்ற அறிக்கையை ஒரு பக்கமும் புக்லெட்டை மறுபக்கமும் வையுங்கள். அறிக்கையில் ஒவ்வொரு வரியாகப் போய், எந்தத் தாளைப் பற்றிப் பேசுகிறதோ அந்தத் தாள் கட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அறிக்கையில் முன்வழக்குகள் என்று சில இருக்கும். அவற்றின் முதல் தகவல் அறிக்கைகளும் குற்றப்பத்திரிகைகளும் கட்டில் இருக்க வேண்டும். பிறகு ஆணைக்கு உடனடிக் காரணமான வழக்கு. அதன் முதல் தகவல் அறிக்கை, கைது அட்டை, மகஜர், சாட்சிகளின் வாக்குமூலங்கள், ரிமாண்ட் உத்தரவு எல்லாம் வர வேண்டும். சாட்சி வாக்குமூலத்தை இன்னமும் எல்லாரும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணால் 161 என்றே சொல்கிறார்கள். 2024 ஜூலை 1க்குப் பின் அது புதிய நடைமுறைச் சட்டத்தின் 180ஆவது பிரிவு.

அறிக்கையின் கடைசிப் பத்திகளில் ஒரு வாசகம் ஏறக்குறைய எல்லா ஆணைகளிலும் வரும்: இதே போன்ற ஒரு வழக்கில் வேறொருவருக்கு நீதிமன்றம் ஜாமீன் வழங்கியுள்ளது, ஆகவே இவரும் ஜாமீனில் வெளிவர வாய்ப்புள்ளது. இந்த இடத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். ஏற்கெனவே சிறையில் இருப்பவரைத் தடுப்புக் காவலில் வைக்க வேண்டுமென்றால், அவர் வெளியே வரும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிறது என்று ஆணையிட்டவர் ஆதாரத்தோடு காட்ட வேண்டும். 2011இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், அந்த "இதே போன்ற வழக்கு" எது, யாருக்கு, எந்தத் தேதியில் ஜாமீன் என்ற விவரமே இல்லை என்பதற்காக உச்ச நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. ஆகவே அந்த ஜாமீன் உத்தரவின் நகல் கட்டில் இருக்கிறதா? தமிழில் இருக்கிறதா? இருந்தால் அது உண்மையில் இதே போன்ற வழக்கா? இவர் மீது கொலை முயற்சி வழக்கு, காட்டப்பட்டதோ வழிப்பறி வழக்கு என்றால் அதை எழுதி வையுங்கள். இவருடைய சொந்த ஜாமீன் மனுவும் அதன் மீதான உத்தரவும் இருந்தால் அவையும் வர வேண்டும். 1990இல் அகமதுகுட்டி வழக்கில் அவை இன்றியமையாத ஆவணங்கள் என்று உச்ச நீதிமன்றம் கருதியது.

எல்லாத் தாளும் சம எடை உடையவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆணையிட்டவர் நம்பி முடிவெடுத்த ஆவணம் ஒரு வகை. பேச்சுவாக்கில் குறிப்பிட்ட ஆவணம் இன்னொரு வகை. முதல் வகையைத் தராவிட்டால் அதனால் என்ன பாதிப்பு என்று நீங்கள் காட்ட வேண்டியதில்லை, காவலே ஆட்டம் காணும். இரண்டாம் வகை என்றால், அது இல்லாததால் முறையீடு எழுத எப்படிக் கஷ்டப்பட்டோம் என்று காட்ட வேண்டும். பவுனம்மாள் தீர்ப்பே இந்த வேறுபாட்டைச் சொல்கிறது. எனவே கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கேட்டு நாற்பது வரிப் பட்டியல் போடுவதைவிட, முடிவுக்கு அடித்தளமான ஐந்து தாள்களைச் சரியாகக் குறிவைப்பது மேல். தகவல் தந்தவரின் அடையாளம் போன்ற, பொதுநலனுக்கு எதிரானவை என்று கருதும் விவரங்களை வெளியிடாமல் வைத்துக்கொள்ள 22(6) அரசுக்கு இடம் தருகிறது. அதைக் கேட்டுக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

எழுதிக் கேட்பது

கேட்காமலே தர வேண்டியது கடமை என்றேன். ஆனாலும் எழுதிக் கேளுங்கள். கேட்டதற்குச் சான்று இருந்தால் பிறகு "அவருக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது. கைதி தன் பெயரில் எழுதலாம், அவருக்காக மனைவியோ தாயோ எழுதலாம். இரண்டையும் செய்வது நல்லது. வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்:

"மாவட்ட ஆட்சியர் மற்றும் மாவட்டக் குற்றவியல் நடுவர் அவர்களுக்கு. தங்களுடைய இந்தத் தேதியிட்ட, இந்த எண் கொண்ட தடுப்புக் காவல் ஆணை எனக்குச் சிறையில் இந்தத் தேதியில், இத்தனை மணிக்குச் சார்பு செய்யப்பட்டது. அத்துடன் தரப்பட்ட 118 பக்கத் தொகுப்பில் 41, 42ஆம் பக்கங்களைப் படிக்க இயலவில்லை. 57 முதல் 60 வரையிலான பக்கங்கள் ஆங்கிலத்தில் மட்டும் உள்ளன. எனக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். காரணங்களின் 4ஆம் பத்தியில் குறிப்பிடப்பட்ட ஜாமீன் உத்தரவின் நகல் தொகுப்பில் இல்லை. இவை இல்லாமல் என்னால் முழுமையான முறையீடு செய்ய இயலவில்லை. உடனே வழங்க வேண்டுகிறேன். இவை கிடைக்கும் முன் நான் அனுப்பும் முறையீடு எதுவும் இந்தக் கோரிக்கையைக் கைவிட்டதாகாது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தாள் வரட்டும் என்று காத்திருந்தால் நாள் போய்விடும். தாள் இல்லாமலே முறையிட்டால் "தாள் இல்லாமலும் முடிந்ததே" என்பார்கள். அந்த ஒரு வரி இரண்டுக்கும் நடுவில் வழி விடுகிறது.

கைதி தரும் மனுவைச் சிறை நிர்வாகம் வழியாக அனுப்பினால், கொடுத்த தேதிக்கு ஒப்புகை கேட்க வேண்டும். அதே மனுவின் நகலை வெளியிலிருந்து குடும்பம் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்த விவரத்தின் அச்சையும் நோட்டில் ஒட்டி வைக்க வேண்டும். 2024 செப்டம்பரில் ஜசீலா ஷாஜி வழக்கில், கைதியின் முறையீட்டைச் சிறை நிர்வாகம் சாதாரணத் தபாலில் அனுப்பி, அது உரியவரிடம் சேராமலே போனதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. கண்டித்தது சரி, ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஆக வேண்டாம்.

முறையீடும் நாட்கணக்கும்

தாள் கேட்பது ஒன்று, ஆணையையே ரத்து செய்யக் கேட்கும் முறையீடு இன்னொன்று. முறையீட்டை மூன்று இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆணையிட்ட அதிகாரி முதல் இடம். அவர் போட்ட ஆணை 12 நாட்கள்தான் தானாக உயிரோடு இருக்கும். அதற்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் வரும்வரை அவரே ஆணையைத் திரும்பப் பெற முடியும். ஆகவே, "எனக்கே முறையிட உனக்கு உரிமை உண்டு" என்று அவர் கைதிக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் சந்தோஷ் சங்கர் ஆச்சார்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. காரணங்களின் கடைசிப் பக்கத்தில் அந்த வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுவே ஒரு வலுவான குறை.

இரண்டாவது, அரசு. உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளர், தலைமைச் செயலகம், சென்னை. மூன்றாவது, காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகம். இதன் முகவரி காரணங்களிலேயே அச்சிட்டிருக்கும்.

அனுப்பிய நாளிலிருந்து நோட்டில் தேதிகளை எழுதத் தொடங்குங்கள். முறையீடு அரசுக்குச் சேர்ந்த தேதி, நிராகரித்த தேதி, அந்தப் பதில் கைதிக்குக் கிடைத்த தேதி. இடையில் எந்த மேசையில் எத்தனை நாள் காரணமின்றிக் கிடந்தது என்பதை அரசு நீதிமன்றத்தில் விளக்க வேண்டிவரும். 1998இல் ராஜம்மாள் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்ததால் கோப்பு ஐந்து நாள் கிடந்தது என்ற விளக்கத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆணை ரத்தானது. ஐந்து நாள்! ஒரு மனிதனின் சுதந்திரத்தை அப்படி எண்ணிப் பார்க்கும் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்குத் தெம்பு வருகிறது.

அறிவுரைக் கழகம்

காவல் தொடங்கிய மூன்று வாரத்துக்குள் அரசு வழக்கை அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். ஏழு வாரத்துக்குள் கழகம் கருத்துச் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்களோ அதற்குத் தகுதி உடையவர்களோ அதில் இருப்பார்கள். கைதி நேரில் பேசலாம். வக்கீல் வைக்க உரிமை இல்லை, ஆனால் வக்கீல் அல்லாத ஒரு நண்பரின் துணையைக் கேட்கலாம் என்பது 1981ஆம் ஆண்டு ஏ. கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் வழி. ஓரளவு படித்த, பதற்றப்படாத உறவினர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அங்கே போய் "என் மகன் நல்லவன்" என்று சொல்வதைவிட, விடுபட்ட பக்கங்களின் பட்டியலை நீட்டுவது பயன்தரும். போதிய காரணமில்லை என்று கழகம் சொன்னால் அரசு விடுவித்தே ஆக வேண்டும். காரணம் உண்டு என்றால் அரசு ஆணையை உறுதி செய்யலாம், அதிகபட்சம் 12 மாதம்.

உயர் நீதிமன்றம்

சேலம் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை அல்ல, சென்னைதான். அங்கே ஆட்கொணர்வு மனு, அதாவது சட்டவிரோதக் காவலிலிருந்து விடுவிக்கக் கேட்கும் மனு, தாக்கல் செய்ய வேண்டும். இதற்கு அறிவுரைக் கழகத்தின் முடிவுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடியற்காலையில் சென்னையில் இறங்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது: கையில் நான்கு தாள் கொண்டுபோங்கள். புக்லெட்டின் முழு நகல், மூன்று வாசிப்பின் குறைப் பட்டியல், மனுக்களும் தபால் ரசீதுகளும், தேதி நோட்டின் நகல். வக்கீலுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அவர் வழக்கமாகப் பார்க்கும் ஐந்தாறு குறைகளைத் தாண்டி, உங்கள் கண்ணுக்கு மட்டும் பட்ட ஒன்று அதில் இருக்கலாம்.

பணம் இல்லையென்றால் தயங்க வேண்டாம். காவலில் இருப்பவர் எவரும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி இலவச வக்கீல் பெறத் தகுதியுடையவர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கும் அப்படியே. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கைதி சிறையிலிருக்கும் சட்ட உதவி மையத்தில் சொல்லலாம். உயர் நீதிமன்றத்திலும் சட்டப்பணிகள் குழு இருக்கிறது.

கோப்பு எங்கே நிற்கிறது என்று அறியத் தகவல் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்தலாம். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதன் 7(1) பிரிவு சொல்கிறது. மனுவின் தலையிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

மறந்துவிடும் இன்னொரு வழக்கு

தடுப்புக் காவல் ரத்தானால் அன்றே வெளியே வந்துவிடுவார் என்று மாலையோடு சிறை வாசலில் நின்ற குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். வரவில்லை. ஆணைக்குக் காரணமான அந்த வழக்கில் அவர் இன்னும் ரிமாண்டில்தான் இருந்தார், யாரும் ஜாமீன் எடுத்து வைக்கவில்லை. காவல் ஆணையை எதிர்த்துப் போராடும்போதே மூல வழக்கின் ஜாமீனையும் கவனித்து வாருங்கள். பெரும்பாலான வழக்குகளில், குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை. அந்த நாளையும் நோட்டில் எழுதுங்கள். தாக்கல் ஆவதற்குள் மனு போட்டாக வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் அந்த உரிமை போய்விடும்.

வெளியே வந்த பிறகு புக்லெட்டை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். கோபத்தில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். மூல வழக்கு சேலம் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரும்போது, குற்றப்பத்திரிகையோடு வரும் வாக்குமூலத்தையும் புக்லெட்டில் அன்று வந்த வாக்குமூலத்தையும் ஒப்பிட உங்கள் வக்கீல் அதைக் கேட்பார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.